ஆண்டின் சிறந்த கார்: ஐந்து பேரும் ஐம்பது புள்ளிகளும்

இலங்கையின் மட்டக்களப்பில், கல்லடியில் எனக்குப் பழக்கமான ஒரு கராஜில், வேலை முடிந்து கதவை அரைவாசி இறக்கிய பிறகு, பின்னேரங்களில் ஒரு சிறிய கூட்டம் சேரும். கராஜ்காரர், கணிதம் கற்பிக்கும் அவருடைய தங்கை, கொழும்புக்கு வேன் ஓட்டும் சாரதி ஒருவர், வங்கி உத்தியோகத்தர் ஒருவர், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவன் ஒருவன் என ஐந்து பேர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஐந்து வருடமாகப் பழைய கார்களையே பார்த்துச் சலித்த கண்களுக்கு, திருகோணமலை வீதியில் ஒரு புது மொடல் போனாலே அன்றைய கதைக்கு அது போதும். இம்முறை கதை சற்று முற்றிவிட்டது. வந்திறங்கிய புது மொடல்களுள் ‘ஆண்டின் சிறந்த கார்’ என்ற பட்டம் எதற்குத் தகும் என்பதே கேள்வி.

அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. அவர்கள் ஒரே கேள்விக்கு ஐந்து பதில்களைச் சொல்லவில்லை. ஐந்து கேள்விகளுக்கு ஆளுக்கொரு பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எது அதிகம் ஓடும், எது அழகு, எது புதிய நுட்பம், எதை விற்றால் பணம் திரும்பும், எது கராஜுக்கு வராது என்று ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு கேள்வி இருந்தது. உலகில் இவ்வாறான விருதுகளை நடத்துபவர்களுக்கும் இதே சிக்கல் இருந்திருக்கிறது. அதற்காக அவர்கள் சில விதிகளை வகுத்திருக்கிறார்கள். அந்த விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். அதிகம் விற்ற கார் வேறு, விபத்துச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற கார் வேறு, ஆண்டின் சிறந்த கார் வேறு. முதல் இரண்டும் எண்ணியும் அளந்தும் சொல்லக்கூடியவை, மூன்றாவது தீர்ப்பு. தீர்ப்பு என்றால் நடுவர் வேண்டும், நடுவருக்கு அளவுகோல் வேண்டும், பல நடுவர்களின் தீர்ப்பை ஒன்றாக்க ஒரு கணக்கு முறையும் வேண்டும். விருதுக்கு விருது இம்மூன்றும் மாறுவதால்தான் ஒரே ஆண்டில் ஐரோப்பாவில் ஒரு காரும் ஜப்பானில் இன்னொரு காரும் முடி சூட்டிக்கொள்கின்றன.

இவ்வகை விருதுகளுள் மிகப் பழையது அமெரிக்காவின் ‘மோட்டார் ட்ரெண்ட்’ சஞ்சிகை வழங்குவது; 1949இல் முதல் விருதைக் கெடிலாக் பெற்றது. ஐரோப்பிய விருது 1964இல் ரோவர் 2000 என்ற பிரித்தானியக் காருடன் தொடங்கியது. ஜப்பானில் 1980இல் மஸ்டா ஃபமிலியாவும், உலக அளவிலான விருதில் 2005இல் ஆவுடி ஏ6உம், இந்தியாவில் 2006இல் மாருதி சுசுகி ஸ்விஃப்ட்டும் முதல் வெற்றியாளர்கள். இவற்றுள் ஐரோப்பிய விருதைத்தான் நான் பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்போகிறேன். அதுவே ஆகச் சிறந்த காரைத் தெரிவுசெய்கிறது என்பதற்காக அல்ல. யார் எந்தக் காருக்கு எத்தனை புள்ளி கொடுத்தார் என்பதை வெளியிட்டுவிடுவதால், நாமே உட்கார்ந்து கூட்டிப் பார்க்க முடிகிறது என்பதற்காக.

போட்டியின் முதல் வாசல் ‘புது மொடல்’ என்ற சொல். முன் விளக்கையும் பம்பரையும் மாற்றி வெளிவிட்ட பழைய காரைப் புது மொடல் என்று நம் ஊரில் விற்கிறார்கள். விருதுக்காரர்கள் அதை ஏற்பதில்லை. உண்மையிலேயே புதிதாக வடிவமைக்கப்பட்டு, குறித்த காலத்துக்குள் விற்பனைக்கு வந்திருக்க வேண்டும். ஜப்பானிய விருதில் அந்தக் காலம் நவம்பர் 1 முதல் அடுத்த ஆண்டு ஒக்டோபர் 31 வரை என்பதால்தான் அதன் வெற்றியாளர் பெயருக்குப் பக்கத்தில் ‘1999–2000’ என்று இரட்டை ஆண்டு எழுதப்படுகிறது. உலக விருதுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு: ஒரு கண்டத்தில் மட்டும் விற்கும் கார் அதன் பிரதான விருதுக்குத் தகுதி பெறாது. எனவே ஒரு கார் தோற்றது என்று கேள்விப்பட்டால், அது போட்டியில் இருந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அன்று எங்கள் கூட்டத்தில் பாதிச் சத்தம் இந்த வாசலிலேயே அடங்கியிருக்கும். வங்கி உத்தியோகத்தர் வாதாடிக்கொண்டிருந்த ஜீப், வெளிநாட்டில் வெளிவந்து மூன்று வருடமாகிறது. எங்களுக்குத்தான் அது புதிது. (நம் பக்கத்தில் உயரமான எஸ்.யூ.வி. எல்லாமே ஜீப்தான் என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.) கடைசியில் ‘எங்கள் வீதிக்குப் புதிது’ என்பதையே விதியாக வைத்துக்கொண்டோம்.

இனி விஷயத்தின் இதயத்துக்கு வருவோம்: புள்ளிக் கணக்கு.

ஐரோப்பிய விருதில் இறுதிச் சுற்றுக்கு ஏழு கார்கள் வரும். ஒவ்வொரு நடுவரிடமும் 25 புள்ளிகள் இருக்கும். அவற்றைக் குறைந்தது ஐந்து கார்களுக்குப் பகிர வேண்டும். எந்தக் காருக்கும் பத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது. மிக அதிக புள்ளியை ஒரு காருக்கு மட்டுமே கொடுக்கலாம். பார்வைக்குச் சிறிய விதிகள்தாம். ஆனால் ‘எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் குப்பை’ என்று ஒரு நடுவர் சொல்லிவிட்டுப் போக முடியாதபடி இவை அவரைக் கட்டிப்போடுகின்றன. இரண்டாவதாக எதை மதிக்கிறார், மூன்றாவதாக எதை மதிக்கிறார் என்பதையும் அவர் சொல்லியே ஆக வேண்டும்.

இதன் விளைவு என்ன என்பதைக் காட்ட, ஆசிரியை ஒரு பழைய பில் கட்டையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எங்கள் ஐவர் போட்டியை நடத்தினார். கார்கள் நான்கு: சின்னப் பெற்றோல் கார், ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்), மின்சாரக் கார், ஜீப். ஆளுக்குப் பத்துப் புள்ளிகள், குறைந்தது மூன்று கார்களுக்குப் பகிர வேண்டும், ஒரு காருக்கு ஐந்துக்கு மேல் இல்லை, முதலிடம் ஒன்றுக்குத்தான்.

வேன் சாரதி ஹைபிரிட்டுக்கு 4, பெற்றோல் காருக்கு 3, ஜீப்புக்கு 3 என்று கொடுத்தார். வங்கி உத்தியோகத்தர் ஜீப்புக்கு 5, ஹைபிரிட்டுக்கு 4, பெற்றோலுக்கு 1. மாணவன் மின்சாரக் காருக்கு 5, ஹைபிரிட்டுக்கு 4, ஜீப்புக்கு 1. ஆசிரியையும் மின்சாரக் காருக்கே 5, பிறகு பெற்றோலுக்கு 3, ஹைபிரிட்டுக்கு 2. கராஜ்காரர் பெற்றோலுக்கு 5, ஹைபிரிட்டுக்கு 3, ஜீப்புக்கு 2 என்று முடித்துவைத்தார்.

கையை உயர்த்தி வாக்கெடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மின்சாரக் காரை இருவர் முதலிடத்தில் வைத்திருக்கிறார்கள். மற்ற மூன்றுக்கும் ஆளுக்கொருவர்தான். எனவே மின்சாரக் கார் வென்றிருக்கும். புள்ளிகளைக் கூட்டினால் ஹைபிரிட் 17, பெற்றோல் 12, ஜீப் 11, மின்சாரக் கார் 10. அதே ஐந்து பேர், அதே விருப்பங்கள். ஒரு முறையில் முதலாவதாக வந்த கார் மறு முறையில் கடைசி. இதைப் பார்த்ததும் மாணவன், “அக்கா, கூட்டினதில பிழை இருக்கும், திரும்பக் கூட்டுங்க,” என்றான். ஆசிரியை பேசாமல் பென்சிலை அவனிடம் நீட்டினார். அவன் கூட்டியபோதும் ஐம்பதுதான் வந்தது.

கணக்கில் பிழை இல்லை. மின்சாரக் காரை விரும்பிய இருவரும் உயிராக விரும்பினார்கள். மற்ற மூவரும் அதற்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. ஹைபிரிட்டை முதலிடத்தில் வைத்தவர் ஒருவர்தான். ஆனால் அதைத் தள்ளிவிட்டவர் எவருமில்லை. புள்ளிப் பகிர்வு முறை, பலருடைய இரண்டாவது விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்கும் முறை. சிலருடைய பெருங்காதலை அது அவ்வளவாகப் பொருட்படுத்தாது. கார்ப் பிரியர்களுக்கு ஒவ்வொரு வருடமும் முடிவைக் கேட்டதும் வரும் எரிச்சலுக்குப் பெரும் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்: அவர்கள் காதலைக் கொண்டு எண்ணுகிறார்கள், நடுவர் குழு உடன்பாட்டைக் கொண்டு எண்ணுகிறது.

உண்மையான எண்களிலும் இது தெரியும். 2019இல் 23 நாடுகளைச் சேர்ந்த 60 நடுவர்கள் வாக்களித்தார்கள். மொத்தம் 1500 புள்ளிகள். ஜகுவார் ஐ-பேஸ் என்ற மின்சாரக் கார் 250, அல்பைன் ஏ110 என்ற இரண்டு இருக்கை விளையாட்டுக் கார் 250. முதலிடத்தில் சமநிலை. அவற்றுக்கு வெறும் மூன்று புள்ளி பின்னால், 247 புள்ளிகளுடன், கியா சீட் என்ற சாதாரணக் குடும்பக் கார் நின்றது. சமநிலையை உடைக்க, எத்தனை நடுவர்கள் முதலிடத்தில் வைத்தார்கள் என்று பார்த்தபோது ஐ-பேஸுக்கு 18 பேர், அல்பைனுக்கு 16 பேர். பட்டம் ஜகுவாருக்குப் போனது. இன்னொரு விதமாகப் பார்த்தால், அந்த ஆண்டின் சிறந்த காரை 60 பேரில் 42 பேர் தங்கள் முதல் தெரிவாகக் கொள்ளவில்லை. ஒரு நடுவரிடமிருந்து அது பெற்ற சராசரி நான்கு புள்ளியும் கொஞ்சமும்தான்.

இதற்கு நேர் எதிரான ஆண்டும் உண்டு. 2005இல் டொயோட்டா பிரியஸ் 58 நடுவர்களிடமிருந்து 406 புள்ளிகள் பெற்றது. வகுத்துப் பார்த்தால் சரியாக ஆளுக்கு ஏழு. இரண்டாவதாக வந்த சிட்ரோயன் சி4 பெற்றது 267. பத்துக்கு மேல் யாரும் கொடுக்க முடியாத ஒரு முறையில் சராசரி ஏழு என்பது ஏகமனதுக்கு மிக அருகில் நிற்கும் தீர்ப்பு. ஆகவே ‘ஆண்டின் சிறந்த கார்’ என்று இரு கார்களின் பெயருக்கு முன்னும் ஒரே சொல் எழுதப்பட்டாலும், ஒன்று மயிரிழையில் வந்தது, மற்றது மலையளவு வித்தியாசத்தில் வந்தது. விளம்பரப் பதாகை இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. புள்ளிப் பட்டியல் சொல்லும்.

எல்லா விருதும் இப்படிக் காரைக் காருடன் மோதவிடுவதில்லை. மோட்டார் ட்ரெண்ட் சஞ்சிகையின் ஆசிரியர் குழு, ஒவ்வொரு காரையும் சில நிலையான அளவுகோல்களுக்கு எதிரே வைத்துப் பார்ப்பதாகச் சொல்கிறது. வடிவமைப்பு, பொறியியல், சிக்கனம், பாதுகாப்பு, கொடுத்த விலைக்கு உரிய பயன் ஆகியவற்றுடன் ஆறாவதாக ஒன்று இருக்கிறது: எந்த வேலைக்கென்று செய்யப்பட்டதோ அந்த வேலையை அது எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பது. எனக்கு இந்த ஆறாவது அளவுகோலில் பெரிய மரியாதை உண்டு. வேனை ஓட்டப் பந்தயக் காருடன் ஒப்பிடும் மடமையிலிருந்து அது நம்மைக் காப்பாற்றுகிறது. ஜப்பானில் ‘கெய்’ எனப்படும் சிற்றுருக் கார்கள், அதாவது நாம் வேகன் ஆர் என்று அன்றாடம் காணும் வகை, 1980இல் விருது தொடங்கியது முதல் காத்திருந்து 2022–2023இல்தான் முதன்முறையாக முடி பெற்றன. நிசான் சகுராவும் அதன் கூடப்பிறந்த மிட்சுபிஷி காரும் அந்தப் பெருமையைப் பகிர்ந்துகொண்டன. சின்ன வேலையைச் சரியாகச் செய்யும் கார் பெரிய மேடையில் ஏறுவதற்கு நாற்பது வருடங்களுக்கு மேல் பிடித்திருக்கிறது.

அளவுகோல் என்று வந்தால் இடமும் வந்துவிடுகிறது. ஐரோப்பிய நடுவர் பனியில் எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பார். கல்லடியிலோ காத்தான்குடியிலோ ஆரையம்பதியிலோ கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழும் ஒருவர் பார்க்க வேண்டியவை வேறு. உப்புக் காற்று கதவின் அடியோரத்தை எப்போது தின்னத் தொடங்கும். சித்திரை வெயிலில் வெளியே நின்ற காருக்குள் ஏ.சி. எத்தனை நிமிடத்தில் மூச்சுவிட வைக்கும். மார்கழி மழையில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணீர் போகும்போது அடிப்பாகத்தின் உயரம் போதுமா. கல்முனை, அக்கரைப்பற்று என்று நேராக ஓடும் தட்டை வீதியில் ஹைபிரிட் சேமிப்பதாகச் சொல்லும் பெற்றோலை உண்மையில் சேமிக்கிறதா? வேன் சாரதியின் வாதம் முழுவதும் கடைசி இரண்டைப் பற்றியது. கராஜ்காரருடையது முதலாவதைப் பற்றியது. அவரவர் அளவுகோலில் இருவரும் சரி.

காலம் என்ற இன்னொரு சிக்கலும் உண்டு. எனக்கு ஆகச் சுவையாகத் தோன்றும் பகுதி இதுதான். விருது புதிய காருக்குக் கொடுக்கப்படுகிறது. புதிய கார் எப்படிப் பழையதாகும் என்று நடுவருக்குத் தெரியாது. 1971இல் மோட்டார் ட்ரெண்ட் விருது பெற்ற செவர்லே வேகா, சில வருடங்களுக்குள் துருப்பிடிப்பதற்கும் அலுமினிய எஞ்சின் சூடாகிப் பழுதாவதற்கும் பெயர் எடுத்தது. இந்தியாவில் 2010ஆம் ஆண்டின் விருதைப் பெற்ற டாடா நேனோ, ஒரு இலட்சம் இந்திய ரூபாய்க்குக் கார் என்ற பொறியியல் சாதனைக்காகப் போற்றப்பட்டது. வாங்குபவர்கள் ‘மலிவான கார்’ என்ற பெயரையே விரும்பவில்லை, 2018இல் உற்பத்தி நின்றது. இந்த நடுவர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தங்கள் முன்னால் இருந்ததைத்தான் அவர்களால் தீர்ப்பிட முடியும்.

நிசான் லீஃபின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 2011இல் ஐரோப்பிய விருதைப் பெற்ற முதல் மின்சாரக் கார் அது; 257 புள்ளிகள், இரண்டாவதைவிட ஒன்பது மட்டுமே அதிகம். அதே ஆண்டு உலக விருதும், 2011–2012க்கான ஜப்பானிய விருதும் அதற்கே கிடைத்தன. அதன் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. மிதமான காலநிலையில் அது பெரிதாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் அரிசோனா போன்ற சூடான இடங்களில் பற்றரியின் கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்ததாக உரிமையாளர்கள் முறையிட்டதால், நிறுவனம் அங்கே பற்றரிக் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் வழங்கியது. குளிர்நாட்டு நடுவர் மேசையில் எழாத கேள்வி அது. மட்டக்களப்பு வெயிலில் பழைய மின்சாரக் கார் வாங்கப்போகும் ஒருவருக்கு முதலாவதாக எழ வேண்டிய கேள்வியும் அதுதான்.

மறுபக்கத்தில் டொயோட்டா விட்ஸ் இருக்கிறது. 1999–2000க்கான ஜப்பானிய விருதை அது தன் உடன்பிறப்புகளான பிளட்ஸ், ஃபன்கார்கோவுடன் சேர்ந்து பெற்றது. ஐரோப்பாவில் யாரிஸ் என்ற பெயரில் 2000இன் விருதையும் பெற்றது. அன்று பின்னேரம் கராஜின் ஓரத்தில், ஷொக் அப்சோபர் மாற்றுவதற்காகச் சில்லுக் கழற்றி ஜாக்கில் நின்றதும் ஒரு பழைய விட்ஸ்தான். முன் கதவில் வெயில் குடித்த வர்ணம், பின் கண்ணாடியில் பாதி உரிந்த பிள்ளையார் ஸ்டிக்கர். இரண்டு கண்டங்களின் முடியைச் சுமந்த கார் இது என்று சொன்னபோது, கராஜ்காரர் கையிலிருந்த ஸ்பானரை வைத்துவிட்டு அதை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, “இருபத்தஞ்சு வருசத்துக்குப் பிறகு நான் குடுக்கிறன் அதுக்கு விருது. அவங்க புதுசுல குடுத்தது யோகம்,” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். பதினைந்து, இருபது வருடம் கழித்து வழங்கும் விருது இருந்தால் நம்மைப் போல் பழைய கார் வாங்கும் மக்களுக்கு மிகவும் பயன்படும். ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடை. நேற்றுவரை இல்லாத எதை இந்தக் கார் இன்று கொண்டுவந்திருக்கிறது என்று புது மொடல் விருது கேட்கிறது. பிரியஸும் லீஃபும் வென்றது அந்தக் கேள்வியில்தான், அதில் நடுவர்கள் பிழைவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பழுதாகாமை அந்தக் கேள்விக்குள் அடங்காது.

எஞ்சியிருப்பது நடுவரின் நேர்மை. ஐரோப்பியக் குழு ஒவ்வொரு நடுவரின் புள்ளியையும், அவர் ஏன் அப்படிக் கொடுத்தார் என்ற சிறு குறிப்பையும் பெயருடன் வெளியிடுகிறது. தன் நாட்டுக் காருக்கே பத்தும் கொடுத்தவர் யார் என்பதை எவரும் பார்க்கலாம். நடுவர்கள் இறுதிச் சுற்றுக் கார்களை ஓட்டிப் பார்த்த பின்பே தீர்ப்பிடுகிறார்கள். இதை நான் சொன்னதும் ஆசிரியை அந்தப் பில் கட்டையை மீண்டும் எடுத்தார். ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, “இந்த நாலையும் ஓட்டினவங்க யாரு? கையைத் தூக்குங்க,” என்று கேட்டார்.

ஒரு கையும் எழவில்லை. வேன் சாரதி இரண்டை ஓட்டியிருந்தார். கராஜ்காரர் பெற்றோல் காரை மட்டும், அதுவும் மட்டிக்களி வரை. மின்சாரக் காருக்கு ஐந்து புள்ளி கொடுத்த மாணவன் அதனுள் உட்கார்ந்துகூடப் பார்த்ததில்லை. ஆசிரியையும் அப்படியே, அதை அவரே முதலில் ஒப்புக்கொண்டார். வங்கி உத்தியோகத்தரின் மைத்துனர் கல்முனையில் அந்த ஜீப்பை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கராஜ் வாசலில் சந்திப்பது, ஜீப்பிலிருந்து தொடங்குவது, அதுவரை ஐம்பது புள்ளிகளையும் திருப்பி எடுத்துக்கொள்வது என்று முடிவாகி, பில் கட்டை மேசை லாச்சிக்குள் போனது.